நாளைக்கு ஆள் வருவாங்க

வாஷிங் மெஷினுக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது. இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நாலு மாதமாக அந்த மெஷின் ஒழுகிக்கொண்டிருந்தது. சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன பால்கனியில் நின்றுகொண்டு, ஒவ்வொரு தடவை அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும்போதும் ஒரு குடம் தண்ணீரைத் தன் காலடியிலேயே கொட்டிக்கொள்ளும். அதற்கு அவன் கண்டுபிடித்திருந்த வைத்தியம் ஒரு பழைய துண்டு. அதைச் சுருட்டி அடியில் திணித்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விடுவான். அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தால் தரை சுக்காகக் காய்ந்திருக்கிறது, துண்டு துவைத்து நாலாக மடித்து மெஷின் மேல் இருக்கிறது.

யார் வந்து சரி பண்ணினது என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் மனைவி பின்னால் வந்து அவன் தோளில் கன்னத்தை வைத்தாள். "நீங்க கை வச்சதுக்கு அப்புறம் ஒரு சொட்டு இல்லைங்க" என்றாள். அவள் அப்படித் தோளில் சாய்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவனுக்கே நினைவில்லை. இல்லை, நான் செய்யவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் "ம்" என்றான். அந்த ஒற்றை "ம்"தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார் பிரிவு. குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. காலையிலிருந்து மாலை வரை காதில் ஃபோனை மாட்டிக்கொண்டு, நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளைப் பற்றிக் கத்துகிறவர்களிடம், "உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டோம், நாளைக்கு ஆள் வருவாங்க" என்று பட்டுத்துணியைத் தடவுகிற குரலில் சொல்ல வேண்டும். ஆள் வருவாரா என்பது வேறு கதை. ஆபீஸில் அவனுக்குப் பெயரே "நாளைக்கு சார்". வீட்டிலும் அதே பாட்டுதான். வாசல் பூட்டைத் தோளால் இடித்தால்தான் திறக்கும், நாளைக்கு. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து மூன்று வருஷமாகச் செங்கல்தான் முட்டுக்கொடுக்கிறது, அதுவும் நாளைக்கு. பால்கனியில் தண்ணீர் போகிற ஓட்டை சோப்புக் கசடில் அடைத்துக்கொண்டிருந்தது. அதையெல்லாம் அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மெஷினுக்கு அடுத்தபடி குளியலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்தியது. பிறகு அலமாரிக் கதவு நேராக நின்றது. ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் மலர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் இவன் "ம்" போட்டான். அடுத்தவன் உழைப்புக்குப் பாராட்டு வாங்குவதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ராத்திரி படுத்தால் கேள்விதான் வந்தது. யார் அவன்? ஒருவனை வீட்டுக்குள் விட்டுவிட்டு, பழியை மறைக்கப் புகழை என் தலையில் கட்டுகிறாளா? அப்படியென்றால் என்னைப் பார்க்கும்போது எதற்கு இந்தச் சிரிப்பு? பக்கத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வாரம் பார்த்தான். அவள் மருந்துக்கடையில் காலை ஷிப்ட் முடித்து மூன்றரைக்கு வீடு திரும்புவாள். இவன் வர ஏழாகும். இடையில் மூன்றரை மணி நேரம். கடைசியில் மானத்தை விட்டு, ஐந்தாவது மாடி அக்காவை மாடிப்படியில் நிறுத்தி, பகலில் வீட்டுக்கு யாராவது வந்து போகிறார்களா என்று சாடைமாடையாகக் கேட்டான். அந்த அம்மாள் எந்நேரமும் பால்கனியில் நிற்கிறவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பூனை கூட வர முடியாது.

"யாரும் வர்றதில்லையே தம்பி. நீங்கதானே நாலு மணிக்கு டூல்ஸ் பையோட வர்றீங்க? ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

அவன் கையில் டூல்ஸ் பை இருந்ததே இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கக்கூட நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தவன் அவன். சிரித்து மழுப்பிவிட்டுப் படியிறங்கும்போது கைப்பிடிச் சுவர் ஏனோ வழக்கத்தைவிடச் சில்லென்றிருந்தது.

அன்று ராத்திரி தட்டை எடுத்து வைக்கும்போது மனைவி தானாகவே பேச்சை எடுத்தாள். சாயங்காலம் நீங்கள் சொன்ன கதையை நினைத்து இன்னும் சிரிப்பு வருகிறது என்றாள். என்ன கதை என்று கேட்க அவனுக்குத் துணிவில்லை. அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"நாலு மணிக்கு வர்றப்போ எவ்வளவு நல்லா இருக்கீங்க. ஆறு மணிக்கு நடந்துட்டு வர்றேன்னு போறீங்க. ஏழு மணிக்குத் திரும்பறப்போ வேற யாரோ மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வர்றீங்க. அந்த நடையே வேண்டாமே."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பயம் வந்திருக்க வேண்டிய இடம் அது. வந்தது பொறாமை. நாலு மணிக்கு வருகிறவனுக்கு அவள் என்னவெல்லாம் தருகிறாள், ஏழு மணிக்கு வருகிற எனக்கு மிச்சம் என்ன என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தது.

அவள் தூங்கிய பிறகு பால்கனிக்குப் போனான். மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கத்து அடிமூடியை சமையலறைக் கத்தியின் நுனியால் கழற்றினான். தண்ணீரை வெளியே தள்ளும் ரப்பர் குழாய், பம்பில் சேரும் இடத்தில் புதிய இரும்பு வளையம் போட்டு இறுக்கியிருந்தது. சுத்தமான வேலை. ஈர ரப்பர் வாடையும் சோப்பு வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. குழாய் ஆடாமலிருக்க அதை ஒரு கயிற்றால் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்ததைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது.

அது அவன் முடிச்சு. இடது கைக்காரனுக்கு மற்றவர்கள் போடுகிற முடிச்சு வராது என்று, இடது கைக்காரரான அப்பா அவனுக்கென்று திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொடுத்த முடிச்சு. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது உலகத்தில் அப்படிக் கட்டுகிறவன் ஒருவன்தான். அவன் தன் ஷூவைக் கொண்டுவந்து, அதன் கயிற்று முடிச்சை டார்ச் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் மனைவியை எழுப்பி உண்மையைச் சொல்லியிருப்பான். இவனுக்கு அப்போதும் குடைந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவனைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவள் அவனைப் பார்க்கிற பார்வையையும் பார்க்க வேண்டும். முடிச்சை அறுத்தான். வளையத்தைத் தளர்த்திக் குழாயைப் பாதி உருவிவிட்டான். ஒழுகினால் சரி பண்ண வருவான் அல்லவா. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

மறுநாள் ஆபீஸுக்குப் போகிற மாதிரிப் போய், மத்தியானம் திரும்பி வந்தான். வாசல் பூட்டைத் தோளால் இடிக்கப் போனவன், சாவி வெண்ணெயில் போகிற மாதிரித் திரும்பியதும் நிலைதடுமாறி உள்ளே விழப் பார்த்தான். இதையும் சரி பண்ணிவிட்டிருந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், மூலையில் கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டான். இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கூரை வரை இரும்புக் கம்பி. கம்பிக்கு வெளியே மேகம் மூடிய வானம், எங்கோ ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம், மேல் வீட்டுப் பால்கனியிலிருந்து ஈரத்துணி சொட்டுகிற சத்தம்.

மூன்றே முக்காலுக்கு மனைவி அழுக்குத் துணிக் கூடையோடு வந்தாள். போர்வைக்கு இந்தப் பக்கம் அவன் மூச்சை அடக்கினான். அவள் ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு துணியை உள்ளே தள்ளினாள், பொடி போட்டாள், பட்டனை அழுத்தினாள். முகத்தில் பவுடர் வாசனை. அவன் வருகிற ஏழு மணிக்கு அவள் பவுடர் போட்டுக்கொண்டதே கிடையாது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்டவில்லை.

அவள் உள்ளே போனாள். கதவு தானாக ஆடிச் சாத்திக்கொண்டது. மேல்பாதி கண்ணாடி வழியாகச் சமையலறை தெரிந்தது. மெஷின் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

நாலு மணி. வாசலில் சாவி திரும்பியது.

காலடிச் சத்தம். கூடம். சமையலறை. அவள் குரல் மெல்லியதாக, குழைவாக. பிறகு இன்னொரு குரல். ஆபீஸில் பயிற்சிக்காக அவர்கள் பேசுவதையெல்லாம் பதிவு செய்து போட்டுக் காட்டுவார்கள். அதனால் தன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இது அந்தக் குரல்தான்.

அந்த நேரம் பார்த்து மெஷின் தண்ணீரைத் தள்ளியது. உருவிவிட்ட குழாயிலிருந்து சோப்புத் தண்ணீர் பீறிட்டு அவன் பாதத்தை நனைத்தது. ஓட்டை அடைத்திருந்தது. தண்ணீர் போக வழியில்லை.

"மறுபடியும் ஒழுகுதாம்மா?" என்றது குரல்.

"நீங்க பண்ணினது நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரி அவர் எழுந்து போய் ஏதோ நோண்டினார். நான் தூங்கற மாதிரி படுத்திருந்தேன்."

அவர். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். போர்வையின் ஓரத்தை ஒரு விரல் அகலம் விலக்கினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஆளின் முதுகுதான் தெரிந்தது. அவனுடைய நீலச் சட்டை. பித்தான் போய் மூலையில் கிடந்த சட்டை. பித்தான் தைத்திருந்தது.

"எனக்கு அவரோட இனி ஒரு ராத்திரி கூட முடியாதுங்க. என்னிக்கு முடிப்பீங்க இதை?"

"நாளைக்கு..."

"வேண்டாம்." அவள் இடைமறித்தாள். "நாளைக்குன்னு அவர்தான் சொல்வார். நீங்க சொல்லாதீங்க."

மெஷின் மறுபடி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"சரி. இன்னிக்கே."

முதுகு திரும்பியது. அவன் முகம். நன்றாகச் சவரம் செய்த, நன்றாகத் தூங்கிய, அவன் முகம். நேராகப் போர்வையைப் பார்த்தது. கதவருகே வந்தது. கோபம் இல்லை. ஒரு வேலையைப் பார்க்கிற பார்வை.

டக்.

தாழ்ப்பாள். மூன்று வருஷமாக உடைந்து கிடந்த தாழ்ப்பாள்.

போர்வையைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தான். கதவை இடித்தான். கண்ணாடியைக் குத்தினான். அதிரக்கூட இல்லை. அதையும் மாற்றியிருந்தான். மனைவி பெயரைச் சொல்லிக் கத்தினான். அவள் தோள் ஒரு தடவை துள்ளியது. திரும்பவில்லை.

மேலிருந்து ஐந்தாவது மாடி அக்கா குரல் கொடுத்தாள். என்ன தம்பி சத்தம் என்றாள். அக்கா, நான் இங்கே என்று இவன் கத்துவதற்குள், சமையலறை ஜன்னலிலிருந்து அவன் குரலே பதில் சொன்னது.

"மெஷின்தான்க்கா. ஆட்டம் குடுக்குது. இன்னிக்கு சரியாயிடும்."

நல்லது தம்பி என்றாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது அலசல். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. கதகதவென்று இருந்தது. மெஷினின் வட்டக் கண்ணாடியில் தன் முகத்தைத் தேடினான். துணிதான் சுற்றியது. குனிந்து கீழே பார்த்தான். தண்ணீரில் கம்பி தெரிந்தது, வானம் தெரிந்தது, கொடி தெரிந்தது. அவன் நின்ற இடத்தில் வானம்தான் இருந்தது.

ஃபோன். சட்டைப் பையில் ஃபோன் இருந்தது. விரல் வழுக்கியது. மனைவிக்கு அடித்தான். உள்ளே மேசைமேல் அவள் ஃபோன் வெளிச்சம் போட்டது. அவள் எடுத்துப் பார்த்தாள். பிறகு, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி, பக்கத்திலிருந்தவனிடம் நீட்டினாள்.

அவன் காதில் வைத்துக்கொண்டான். கண்ணாடி வழியாக இவனைப் பார்த்தபடியே பேசினான். பட்டுத்துணியைத் தடவுகிற அந்தக் குரல்.

"உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டோம் சார். நாளைக்கு ஆள் வருவாங்க."

மூன்றாவது அலசலுக்கு மெஷினுக்குள் தண்ணீர் இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி அந்தப் பழைய துண்டை எடுத்து, நீளமாகச் சுருட்டி, ஈரம் உள்ளே வராதபடி கதவின் அடியில் இறுக்கித் திணித்துக்கொண்டிருந்தாள்.