ஒரு கண் அழுகிறது!

"ஐயோ... கண்ணு! என் கண்ணு!"

அலறல் கேட்டு ஓடிவந்த கண் டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விலங்கு மாட்டிய ஒருவனின் வலது கண்ணில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார் கான்ஸ்டபிள்!

"கையை எடுங்க! கிழிஞ்ச கண்ணை அழுத்தினா உள்ளே இருக்கறதெல்லாம் வெளியே வந்துடும்!"

தொப்பையை முதலில் அனுப்பிவிட்டுப் பின்னால் நுழைந்தார் இன்ஸ்பெக்டர்.

"என் மச்சானோட நகைக்கடையில திருடினவன் மேடம். ஷோகேஸை உடைச்சப்போ சில்லு இவன் கண்ணுலேயே ஏறிடுச்சு. ஆண்டவனாப் பார்த்துக் கொடுத்த சாட்சி! முதல்ல வாக்குமூலம்..."

"முதல்ல ஆபரேஷன்."

"பொய்ங்க டாக்டரம்மா! பட்டறையில உளியை அடிச்சேன், தெறிச்சுது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவனைப் பிடிச்சுட்டாங்க..."

"வாயை மூடுடா!"

"நீங்க மூடுங்க சார்! லேட்டானா பார்வை போயிடும். அப்புறம் எந்தக் கண்ணால படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவான்?"

ஓரமாக நின்ற மச்சான் கண்ணைக் கசக்கினார். "சாப்பிட்டுட்டு மாடியில படுத்திருந்தேன் மேடம். சத்தம் கேட்டு இறங்கறதுக்குள்ள எல்லாம் போச்சு..."

"அழாதீங்க மச்சான்! சாட்சியைக் கையில வாங்கிட்டு நேரா டி.வி.க்குப் பேட்டிதான்!" இன்ஸ்பெக்டர் மீசையை நீவிக்கொண்டார்.

டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தியேட்டருக்குள் போனாள்.

கிழிசலை முடியைவிட மெல்லிய நூலால் தைத்தாள். ஓரமாகச் சிறு துளையிட்டு, விழிக்குள் காந்த முனையை மெதுவாக இறக்கினாள்.

சில்லு... தாவி வந்து ஒட்டிக்கொண்டது!

வெளியே வந்தவளை மறித்தார் இன்ஸ்பெக்டர்.

"கொடுங்க மேடம், கண்ணாடியை!"

"கண்ணாடி எந்த ஊர்ல சார் காந்தத்துல ஒட்டும்? இது இரும்பு. உளிச் சில்லு. அவன் சொன்னது அத்தனையும் நிஜம்."

"அ... அப்போ திருடன்?"

டாக்டரம்மா மச்சானைப் பார்த்தாள். அவர் இன்னும் கசக்கிக்கொண்டிருந்தார். இடது கண்ணை மட்டும்!

"ரெண்டு கண்ணும் அழுதா துக்கம். ஒரு கண்ணு மட்டும் அழுதா எனக்கு வேலை. வாங்க, கண் பார்க்கற மெஷின்ல முகவாயை வைங்க."

"வேண்டாம்... தூசிதான்..."

"வைங்க மச்சான்!" என்று பிடித்து உட்கார வைத்தவர் இன்ஸ்பெக்டரேதான்.

கருவிழியைத் துளைத்துக்கொண்டு மின்னியது ஒரு கண்ணாடிச் சில்லு!

"ஷோகேஸ் உடையும்போது எதிர்ல நின்னவர் கண்ணுலதான் இப்படிக் குத்தும். மாடியில படுத்திருந்தீங்களே?"

"இன்ஷூரன்ஸ் பணத்துக்காக நானேதான்... மாப்பிள்ளை... மன்னிச்சிடுங்க..."

இன்ஸ்பெக்டரின் மீசை தொங்கிப்போனது. "யோவ்! முதல்ல வாக்குமூலம்..."

"முதல்ல ஆபரேஷன்!" கையுறையை இழுத்து மாட்டினாள் டாக்டரம்மா. "உள்ளே இருக்கறவன் கை விலங்கைக் கழட்டி எடுத்துட்டு வாங்க சார். உங்க மச்சான் சைஸுக்குச் சரியா இருக்கும்!"