அடைப்புச் சுவர்

கலவையில் சிமெண்ட் வாடை அடித்தது. ஒச்சம்மாள் மத்தியானம் குழைத்துக் கொடுத்தது வெறும் செம்மண்.

கொல்லைப்புறச் சாமான் அறைக்குள் நின்று, கக்கூஸ் கட்டி மீந்த செங்கற்களை ஒவ்வொன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். நிலைக்கு அந்தப்புறம் புருஷன் செம்மலை கட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக மறதி நோய். தின்ற சோறு நினைவில் நிற்காது. குன்றக்குடிக்குப் போனவருக்கு வீடு திரும்ப வழி தெரியவில்லை. பொழுது சாய்ந்தால் சட்டையைக் கிழித்துக்கொண்டு அலறுவார். பழகின வேலையைக் கொடுத்தால் அடங்குவார் என்றார் டாக்டர். அவர் கொத்தனார், அவள் சித்தாள். முப்பது வருஷம் அதுதான் பிழைப்பு. அதனால் தினமும் அந்த வாசலில் மண்ணை வைத்து நாலு வரி கட்டுவார். அவர் தூங்கியதும் இவள் பிரித்துவிடுவாள்.

கரணை கல்லைத் தட்டும் சத்தமும், பல்லி எச்சமும் பழஞ்சாக்கும் கலந்த புழுக்கமும், முப்பது வருஷப் பழக்கமும் சேர்ந்து கண்ணைச் சொருகவைத்திருந்தன. சுவர் மார்புக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தன் கை கல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கக்கூஸ் கட்டி மீந்த சிமெண்ட் மூட்டையை எப்போது பிரித்தாரோ.

"போதும், கையக் கழுவுங்க. டீ போடுறேன்."

"கல்லக் கொடு தாயி. எம் பொண்டாட்டி வாரதுக்குள்ள முடிக்கணும்."

"நாந்தேன் ஒச்சு. என்னையப் பாருங்க."

சிரித்தார். "அவ சீலையக் கட்டுனா நீ அவளாயிருவியா? பத்து நாளாப் பாக்குறேன், அவ அடுப்படியில நின்னு அதிகாரம் பண்ணிக்கிட்டு."

இந்த ஆளுக்காக உச்சி மயிர் தேயக் கல் சுமந்தாள். மூத்திரத் துணி அலசினாள். மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டும் போகவில்லை.

சுவரைத் தள்ளக் கை வைத்தாள். கீழ்வரிகள் இறுகிவிட்டிருந்தன. அவர் கையிலிருந்த கரணை விரலில் இறங்கியது. எலும்பு தெரிந்தது.

கத்தினாள். பக்கத்து வீடுகளில் ஆளில்லை. எல்லோரும் நூறுநாள் வேலையில்.

அதன்பின் இவள் கல் கொடுக்கவில்லை. கொடுத்துக் குவிந்ததே போதுமாக இருந்தது.

கழுத்து. வாய். கண்.

ஒரு கல் அளவு வெளிச்சம் மிச்சம்.

முன்கதவு திறந்தது. செம்மலை திரும்பினார். அந்த முகம் மலர்ந்து அவள் பார்த்து வருஷங்கள் ஆகின்றன.

"வந்துட்டியா ஒச்சு. எங்கிட்டுப் போன?"

"கடைக்குத்தேன்," என்றது ஒச்சம்மாளுடைய அதே குரல், முன்வாசலிலிருந்து.

ஒச்சம்மாள் இடைவெளியில் கண்ணை வைத்தாள்.

காய்ப்பேறிய கை ஒன்று. முன்கையில், ஒச்சம்மாள் கையில் இருப்பது போலவே, செம்மலை என்று பச்சை குத்தியிருந்தது. அந்த உருவம் குனிந்து கடைசிக் கல்லை எடுத்து, துடைத்து, அவரிடம் நீட்டியது.