ஐந்தைத் தாண்டாத கூட்டல்

"அக்கா, கதவைச் சாத்து. யார்கிட்டயும் சொல்லிடாத," என்றபடி தங்கை, அக்காவின் மின்சாதனப் பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்தாள். கையில் ஒரு சோப்பு டப்பா. இரண்டு மின்னழுத்தங்களைக் கூட்டிக் காட்டும் அவளுடைய மலிவுச் சுற்று அதற்குள் இருந்தது.

"ஸ்கூல் கண்காட்சியில நாலும் மூணும் வச்சேன். ஏழு வோல்ட் வரணும், அஞ்சுலயே நின்னுடுச்சு. ஊசிதான் சிப்பை மாத்திட்டாள்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் அவளைக் குழுவுல இருந்து தூக்கப் போறாங்க. அவ செய்யலைன்னா என்னக்கா பண்றது?"

ஊசி என்பது அவளுடைய உயிர்த்தோழியின் பட்டப்பெயர்.

"அவளேதான். பொறாமை," என்று கடை மூலையில் உட்கார்ந்திருந்த மாமா தீர்ப்பெழுதினார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் அக்கா. "கிளம்புறப்போ சரிபாத்தியா?"

"எப்பவும்போல ஒண்ணும் ரெண்டும் வச்சேன். மூணு வந்துச்சு. அதுக்கு மேல எங்க? அண்ணன் கிட்டார் காதைக் கிழிச்சுது. ஒரு வாரமா அதோட சத்தத்தை ஏத்துற பெடல் ஈனஸ்வரத்துல முனகுச்சு, இன்னைக்கு வீடே அதிருது."

அக்கா குமிழ்களைத் திருகினாள். இரண்டும் இரண்டும் நான்கு. நான்கும் மூன்றும் ஐந்து. ஐந்தும் நான்கும்கூட ஐந்துதான்.

"சிப்பு கெட்டிருந்தா சின்னக் கணக்குலயும் உளறும். இது மேல போனா மட்டும் தலை இடிக்குது. கூரை தாழ்ந்திருக்கு."

மாமா அண்ணாந்து பார்த்தார்.

"அந்தக் கூரை இல்லைங்க. பேட்டரி. அது குடுக்கிறதைத் தாண்டி விடை வராது." அளந்தாள். ஒன்பது வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஆறரை. "அதுலயும் ஒன்றரையை இந்த மலிவு சிப்பே தின்னுடும். மிச்சம் அஞ்சு." உடனே தொலைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, கிட்டார் எப்படி?"

"கலக்குதுக்கா."

"பெடல்ல யாரோட பேட்டரி?"

"என்னோட பழசை அவ டப்பாவுல போட்டு ஒண்ணும் ரெண்டும் வச்சுப் பாத்தேன்க்கா. மூணு காட்டுச்சே."

"குடும்பத்துக்கே மூணுக்கு மேல எண்ணத் தெரியாது போல," என்றார் மாமா. ஆனாலும் அவர்தான் ஓடிப்போய் அலமாரியிலிருந்து புது பேட்டரியை எடுத்து வந்தார்.

மாட்டினார்கள். நான்கு. மூன்று. முள் மெல்ல ஏறி ஏழில் நின்றது.

தங்கை ஊசியைத் தொலைபேசியில் அழைத்தாள். "நீ இல்லைடி. எங்க அண்ணன். தப்பு என்னோடது."

மறுமுனையில் ஊசி முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

"ஏழு வருதா?"

"வருது."

"அப்ப டப்பாவைத் தூக்கிட்டு ஓடி வா. டீச்சர்கிட்ட நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன், பேச மாட்டேன்."