விளிம்பில் ஒட்டிய சதை

திரையில் இருந்த முதலாளியைச் சுற்றி மென்பொருள் தானாகவே ஒரு கோடு போட்டுக் கொடுத்தது. தலை, காது, கோட்-சூட்டின் தோள்பட்டை எல்லாம் சரி. இடது கை முடியும் இடத்தில் மட்டும் ஒரு பிடிச் சதையையும் சேர்த்து வளைத்திருந்தது. அது அவருடையது அல்ல.

அழித்தாள். அடுத்த ஃப்ரேமில் மறுபடி இருந்தது.

பதினோரு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு. ஓடும் படத்தில் ஆளை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு பின்னணியைத் தூக்கி எறிவது. ஒரு நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம். இயந்திரம் தடுமாறும் இடங்களில் ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டும். திரை தெளிவாகத் தெரிவதற்காக ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால், மத்தியானம் மூன்று மணி என்பது அந்த அறையில் கடிகாரத்துக்கு மட்டும்தான் தெரியும். ஏசியிலிருந்து காயாத துணியின் நாற்றம் வந்துகொண்டிருந்தது.

ஆண்டு விழா வீடியோ. அன்று கேமராவைப் பிடித்ததும் அவள்தான். முதலாளி பேசுகிறார். பக்கத்தில் பூங்கொத்தோடு ரிசப்ஷன் பெண். போன மாதம் வேலையை விட்டுப் போனவள்.

மேனேஜர் கதவைத் தலையளவு திறந்தார். "என்னம்மா, இன்னும் எவ்ளோ நேரம்? சாரைத் தவிர மத்ததெல்லாம் போயிடணும். பின்னாடி கடலோ மலையோ போட்டுக்கலாம்."

"அந்தப் பொண்ணு?"

"அவளும் பின்னணிதானே." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். "முடிச்சதும் ஒரிஜினலை அழிச்சிடு. வேற காப்பி இல்லல்ல?"

"இல்ல சார்."

"நம்ம வாயில்லாப்பூச்சி இருக்கும்போது என்ன கவலைன்னு சாரே சொன்னார்."

கதவு மூடியது. போவதற்கு முந்தின நாள், டீ மெஷின் பக்கத்தில் அந்தப் பெண் அவளை வழிமறித்தது நினைவுக்கு வந்தது. "அக்கா, அன்னைக்கு கேமரா உங்க கையிலதானே இருந்துச்சு. ஆமா, பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"நான் ஃபோகஸ்ல இருந்தேம்மா. ஒண்ணும் கவனிக்கல."

பொய்யில்லை என்று இத்தனை நாளும் தனக்குத் தானே சொல்லி வந்திருந்தாள். ஓடும் படத்தில் அது நாலைந்து நொடிதானே. இப்போது அதையே நூற்றுப் பதினோரு ஃப்ரேமாகப் பார்க்க வேண்டியிருந்தது: முகம் சபையைப் பார்த்துச் சிரித்தபடி இருக்க, கை மட்டும் தனக்கென்று ஒரு புத்தி உள்ள பிராணிபோல முதுகில் இறங்கி, இடுப்பை மோப்பம் பிடித்து நின்று, துணியோடு சேர்த்துச் சதையைக் கவ்வி, கட்டைவிரலால் மேலும் கீழும், மேலும் கீழும் தேய்த்து, தேய்த்த இடத்தில் வியர்வையால் ஒரு கறை படரவிட்டது. பெண்ணின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கழுத்து நரம்பு மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கொஞ்சம் புடைத்தது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். சுடிதாரில் துடைத்தாள்.

ஒரு பென் டிரைவ் போதும். அந்தப் பெண்ணின் நம்பரும் இருந்தது. ஆனால் இந்த வயதில் இன்னொரு வேலைக்கு எங்கே போய் நிற்பது? ஊரில் நடக்காததா என்று நினைத்தாள். நினைத்ததும் வாய் கசந்தது.

பெண்ணைத் துண்டு துண்டாக அழித்தாள். தோள், கூந்தல், பூங்கொத்து, கடைசியாகச் சிரிப்பு. ஒரிஜினலையும் அழித்தாள். கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள்.

ஓட்டிப் பார்த்தாள்.

பின்னணி இல்லை என்று காட்டும் வெறும் சாம்பல் கட்டங்களுக்கு நடுவில் முதலாளி தனியாக நின்று சிரித்தார். இடது கை வெறுங்காற்றில் கவ்வியிருந்தது. விரல்களின் இடுக்கில் சதை பிதுங்கியது. பிசைந்த மாவுபோல. அதன் விளிம்புக்கோடு புழுக்கூட்டமாய் நெளிந்தது.

பெரிதாக்கினாள். சதையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது.

படத்தை நிறுத்தினாள்.

முகம் நின்றது. சிரிப்பு நின்றது.

கட்டைவிரல் நிற்கவில்லை.

மேலும். கீழும்.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. ஏசியின் நாற்றத்தை மீறி வேறொரு நாற்றம். முதலாளியின் வாசனைத் தைலமும் வியர்வையும் கலந்தது. மிக அருகில். எழ முயன்றாள். ஏதோ ஒன்று எழ விடவில்லை.

இடுப்பில் ஈரம்.

கதவு திறந்து வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. "முடிஞ்சுதாம்மா?"

வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மேனேஜரின் பார்வை அவள் இடுப்புக்கு இறங்கியது. அங்கே ஒரு கணம் தங்கியது. பிறகு சுவரில் இருந்த கடிகாரத்துக்கு ஏறியது.

"சரி சரி, முடிச்சிட்டு மெதுவா வா."

கதவு சாத்தப்படும் வரை இருந்த வெளிச்சத்தில் அவளும் குனிந்து பார்த்தாள். சுடிதார் துணி ஐந்து பள்ளங்களாக உள்ளே அமுங்கியிருந்தது. அதில் ஒன்று மட்டும், நனைந்து, மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருந்தது.