பின்பாரம்

வண்டியின் பக்கச் சுவரில் பதித்த ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டை விட்டு முன்பக்கமாக ஒதுங்கி நின்றது. லவோன் கண்ணாடிக் குழலை விரலால் சுண்டிப் பார்த்தாள், நகரவில்லை. காலையில் வந்ததும் கணவன் ஆர்லன் சக்கரங்களின் கீழ் கட்டை வைத்து, வண்டியை ஏற்றி இறக்கி, வாயில் வந்ததையெல்லாம் திட்டி, ஒருவழியாகக் குமிழியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அதற்குள் முன்பக்கம் எழும்பும்படி எங்கிருந்து வந்தது இந்தப் பின்பாரம்?

அடுப்பு, குளியலறை, பின்கோடியில் படுக்கை என்று ஒரு குட்டி வீட்டையே சக்கரத்தில் ஏற்றிய, பிக்கப்பின் பின்னால் கட்டி இழுக்கும் வண்டி அது. முப்பது வயதைத் தாண்டிய கிழம். கோடைத் தொடக்கத்தில் வாங்கினார்கள். விற்ற மனிதர் சாவியை நீட்டினாரே தவிர உள்ளே ஏறி ஒன்றையும் காட்டவில்லை. வெளியிலேயே நின்றுகொண்டு, "போய்ப் பாருங்க, போய்ப் பாருங்க" என்றார். அன்றைக்கே அவள் வேண்டாம் என்றாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனுக்கு வண்டிப் பைத்தியம் பிடித்திருக்கும்போது பெண்டாட்டி பேச்சு காதில் ஏறுமா?

பின்சுவர் தண்ணீரில் ஊறிப்போயிருக்குமோ என்று நினைத்தாள். கூரை ஓரத்துப் பூச்சு விரிந்தால் மழை உள்ளே இறங்கி மரத்தை உளுத்துப் போகச் செய்துவிடும். இந்த வயதான வண்டிக்குக் காப்பீடு கிடைத்ததே பெரிய பாடு. போனில் பேசிய பெண் தேனொழுகச் சொன்னாள்: "மரம் முறிஞ்சு மேல விழுந்தா நாங்க பாத்துக்கறோம் மேடம். கூரை ஒழுகினா, குளிர்ல குழாய் வெடிச்சா, அது உங்க பராமரிப்பு."

அந்தப் பராமரிப்புக்குத்தான் இன்றைக்கு வந்தது. இரவு உறைபனி என்று வானொலி சொல்லியிருந்தது. அக்டோபர் மாத மினசோட்டாவில் ஏரிக்கரை முகாம் வெறிச்சோடிக் கிடந்தது. நனைந்த பிர்ச் இலைகளின் புளித்த வாடையும், யாரோ எப்போதோ மூட்டிய நெருப்பின் ஈரச் சாம்பல் வாடையும், அவற்றுக்கு அடியில் ஏரித் தண்ணீரின் பச்சை இரும்பு வாடையும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏற, ஐந்து மணிக்கே வெளிச்சம் மரங்களுக்குள் பதுங்கத் தொடங்கியிருந்தது.

இது இரண்டு பேர் செய்யும் வேலை. கதவு இல்லாத பக்கத்தில் லவோன் குடுவையும் குழாயுமாகக் குந்தியிருப்பாள். குடுவையில் உறையாத பிங்க் திரவம், குளிரில் குழாய் வெடிக்காமலிருக்க அதைப் பம்ப் உறிஞ்சி வண்டிக் குழாய்களுக்குள் ஏற்றும். உள்ளே ஆர்லன் ஒவ்வொரு குழாயாகத் திறப்பான். முதலில் பழைய தண்ணீர் வரும். பிறகு நிறம் மாறும். மாறியதும் "பிங்க்" என்று கத்துவான். மூடிவிட்டு அடுத்த குழாய்க்குப் போவான். ஊரில் எல்லாரும் செய்வது இப்படித்தான்.

"அடுப்படி, பிங்க்!" என்றது உள்ளிருந்து ஆர்லனின் குரல்.

"சரி!"

"கை கழுவற இடம், பிங்க்! உன் மூக்கும் இந்த நிறத்துலதான் இருக்கும், துடைச்சுக்கோ!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜூலையில் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவன், இப்படி வாயடிப்பதே பெரிசு. வண்டி எக்கேடு கெட்டாலும் போகட்டும். இருட்டுவதற்குள் அவனை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், அதுதான் அவளுடைய ஒரே கவலை.

"குளியல், பிங்க்!"

அவ்வளவுதான், குழாய்கள் முடிந்தன. பம்பின் உறுமல் நின்றது. ஏரி மட்டும் கரையை நக்கிக்கொண்டிருந்தது. வண்டி ஸ்பிரிங்கின் மேல் மெல்ல முனகியது.

"பிங்க்."

அவள் தலைக்கு நேர் மேலே, தகரச் சுவருக்கு அந்தப்புறம். படுக்கை இருக்கும் இடம். அங்கே குழாயே கிடையாது.

"என்ன விளையாட்டு இது? முடிஞ்சா இறங்கி வா."

"பிங்க்" என்றது குரல் மறுபடியும். ஆர்லனின் குரல்தான். ஆனால் மூச்சு வாங்காமல், ஏறாமல், இறங்காமல்.

லவோன் எழுந்தாள். பிர்ச் மரங்களுக்கு நடுவே, முகாம் வாசலில் கட்டிய சங்கிலிக்கு அப்பால் பிக்கப்பை நிறுத்தியிருந்த திசையிலிருந்து, ஒரு ஆள் நடந்து வந்தான். கையில் இன்னொரு குடுவை. அந்தச் சிவப்புத் தொப்பி. அந்தச் சாய்ந்த நடை.

ஆர்லன்.

"எங்க போன?" என்றாள்.

"பிக்கப்புக்கு. கழிப்பறையில கொஞ்சம் ஊத்தணும்ல. அந்தப் பக்கத்துலேந்து சொல்லிட்டுத்தானே போனேன், காது மந்தமாயிடுச்சா?"

"உள்ள யாரோ இருக்காங்க. உன் குரல்ல பேசுது."

"என் குரல்லயா? பாவம், வேற நல்ல குரல் கெடைக்கல போல." சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. "அணில் பூந்திருக்கும். இரு, பாத்துட்டு வரேன்."

"வேண்டாம் ஆர்லன். காலைப் புடிச்சுக் கேக்கறேன். வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"வயரைக் கடிச்சு வச்சா அதுக்கும் காப்பீட்டுக்காரன் கையை விரிப்பான். ஒரு நிமிஷம்டி."

அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். அவள் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றாள். கதவு கிறீச்சிட்டது. அவன் ஏறியதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. காலடிகள் பின்பக்கமாகப் போகப் போக, குமிழி இன்னும் முன்னால் நகர்ந்து, குழலின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது.

காலடி நின்றது.

"ஆர்லன்?"

துணி உரசும் சத்தம். யாரோ நிதானமாகப் படுக்கையில் உட்காரும் சத்தம்.

"ஆர்லன்! ஏதாவது பேசேன்!"

கதவு திறந்தது. மூடியது. பூட்டு விழுந்தது. சிவப்புத் தொப்பியோடு அவன் வண்டியைச் சுற்றி வந்தான்.

"ஒண்ணுமில்ல. வா, போலாம்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியே ஓடிக் கட்டிக்கொள்ளப் போனவளின் கண் ரசமட்டத்தில் பட்டது.

குமிழி விளிம்பிலேயே இருந்தது. ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. அவன் இறங்கும்போது வண்டி குலுங்கவும் இல்லை. உள்ளே ஏறிய எடை உள்ளேயே இருந்தது.

"கதவுச் சாவி எங்க?" என்றாள்.

"எதுக்கு?"

"அடுப்பை அணைச்சேனான்னு..."

"அணைச்சாச்சு. வா."

அவன் முன்னால் நடந்தான். சருகுகள் அவள் காலடியில் மட்டும் நொறுங்கின. ஓடலாம். எங்கே? இரண்டு சாவியும் அவன் பையில். உதவிக்கு ஆள் தேட ஊருக்குத்தான் போக வேண்டும். ஊருக்குப் போக பிக்கப் வேண்டும். நடந்தாள்.

ஜூலைக்குப் பிறகு ஓட்டுவது அவள்தான், ஓட்டும் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். மறுபக்கம் அவன் உட்கார்ந்தான். அவன் ஏறியதில் பிக்கப் அசையவே இல்லை.

"கிளப்பு" என்று சாவியை நீட்டினான்.

சாவியைத் திருப்பினாள். அவளையறியாமல் கை திருப்பியது. அப்போது தூரத்தில், ஏரிப் பக்கம், தகரத்தில் ஒரு அடி. இன்னொன்று. மரங்களின் இடைவெளியில் வண்டி குலுங்கியது.

"லவோன்! கதவைத் திற! மூச்சு முட்டுது லவோன்!"

ஏறி இறங்கும் குரல். மூச்சு வாங்கும் குரல். அவளுடைய ஆர்லனின் குரல்.

அவள் கதவுப் பிடியைத் தேடினாள். பக்கத்தில் இருந்தவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தான். அவளால் கையை எடுக்க முடியவில்லை.

"அது நான் இல்ல" என்றான் கனிவாக.

டாஷ்போர்டில், பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாதபோது எரியும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏரிப் பக்கத்தில் தகரத்தின் மேல் விழுந்த அடிகள் தளர்ந்தன. தளர்ந்து, விட்டுவிட்டுக் கேட்டு, அவற்றின் இடைவெளி மெல்ல மெல்லக் கூடியது.