ஒரு கை தூரம்

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட பேத்தி அரைமணி நேரமாகியும் வெளியே வரவில்லை. பத்து வயது. அன்று அவளுக்கு நீச்சல் போட்டி.

"ஏய் சுண்டு! திறக்கிறியா, கதவை உடைக்கட்டுமா?" மகன் கதவை அறைந்தான். எலக்ட்ரீஷியன் கை. கதவு அதிர்ந்தது.

"வயிறு வலிக்குதுப்பா..."

"போட்டின்னாதான் அந்த வலி வருமா? நேரத்துல ஒரு செகண்ட் குறைக்கத் துப்பில்ல, சாக்குக்கு மட்டும் குறைச்சலே இல்ல!"

சமையலறையில் நின்ற அவனுடைய அம்மாவுக்குக் காது கூசியது. குரல்தான் மகனுடையது. வார்த்தைகள் அவளுடையவை. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் இதே கதவுக்கு வெளியே நின்று மகளைப் பார்த்து அவள் கத்தியவை.

இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. முட்டி வலிக்காக டாக்டர் சொல்லி, வாரம் மூன்று நாள் அதே நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் இறங்கி நடக்கிறாள். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம் உண்டு. ஏறிட்டும் பார்ப்பதில்லை. தண்ணீர் காலைத் தாங்கினால் போதும் என்றாகிவிட்டது. ஒரு காலத்தில் அரை செகண்டுக்காக உயிரை விட்டவள்.

"விடுடா," என்றாள் மகள். ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். "பயமா இருந்தா இன்னிக்கு வேணாம். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"நீ வாயைத் திறக்காதக்கா! டீம்ல பேர் வந்தும் தோள் வலிக்குதுன்னு பாதியில விட்டுட்டு ஓடினவ நீ. அப்பா விடியறதுக்கு முன்னாடி உன்னைக் குளத்துல விட்டுட்டு, அப்புறம் பஸ் ஓட்டப் போவாரு. எத்தனை வருஷம்! அந்த மனுஷன் புழுங்கிப் புழுங்கியே செத்தாரு!"

மகள் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டாள். எப்போதும்போல.

மகன் இந்தப் பக்கம் திரும்பினான். "அம்மா, நீயும் கிளம்பு. ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஆள் பத்தலையாம். உன் பேரைக் குடுத்திருக்கேன். இவ லேன்லயே நில்லு. வீட்டு ஆள் நின்னா தைரியமா நீந்துவா."

அம்மா அடுப்பை அணைத்தாள். "நான் வரலப்பா."

"ஏன்? நீ பிடிக்காத வாட்சா?"

"அதனாலதான்."

மகளுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, வேணாம்... விடு," என்றாள்.

அந்த 'விடு'தான் அம்மாவைக் கொன்றது. இன்றைக்கும் தன்னைக் காப்பாற்ற அவள்தான் முந்துகிறாள்!

"உங்கக்கா ஓடலடா," என்றாள் அம்மா. கண் தரையில் இருந்தது. "ஓட வெச்சது நான். டீமுக்கு ஆள் எடுத்த அன்னிக்கு லேனுக்கு ஒரே ஒரு வாட்ச். சொந்தப் பிள்ளை லேன்ல நிக்கக் கூடாதுன்னு சட்டம். பக்கத்து லேன் அம்மாகிட்ட கண்ணு கூசுதுன்னு பொய் சொல்லி இவ லேனுக்கு இடம் மாத்திக்கிட்டேன். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பொண்ணு அதுக்கு முந்தின சுற்றுலயே நல்ல நேரம் எடுத்திருந்தா. இருந்தது ஒரே இடம். இவ கை சுவரைத் தொடல... இன்னும் ஒரு கை தூரம் இருந்துச்சு... நான் அமுக்கிட்டேன்."

மகன் கதவை விட்டு விலகி வந்தான்.

அன்று அம்மா ஒன்றை மட்டும் மறந்திருந்தாள். அது மல்லாந்து நீந்துகிற போட்டி. கடைசிக் கைவீச்சில் பிள்ளையின் கண் மேலே பார்க்கும். குனிந்து நின்ற அம்மாவின் கட்டைவிரல் இறங்கியதை மகள் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவள் கை சுவரில் இடித்தது.

மறுநாள் காலை தோள் வலி என்றாள். இனி நீந்தமாட்டேன் என்றாள். சிவப்புத் தொப்பிக்கு இடம் கிடைத்தது. இவளுக்குச் சோம்பேறி என்ற பட்டம் கிடைத்தது. பதினாலு வயது.

"எல்லாம் தெரிஞ்சும் நீ வாயைத் திறக்கலையா?" மகன் அம்மாவிடம் கத்தினான். "அப்பா அவளை என்னென்ன சொல்லித் திட்டினாரு! நின்னு வேடிக்கை பார்த்தியே! அந்த மனுஷன் தெரியாமலே போய்ட்டாரேம்மா!"

"அப்பாவுக்குத் தெரியும்டா," என்றாள் மகள்.

அம்மா நிமிர்ந்தாள்.

"ஆஸ்பத்திரில இருந்தப்ப சொன்னேன். மனசு கேக்கல... என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. அப்புறம், 'எனக்குத் தெரியும்னு உங்கம்மாகிட்ட காட்டிக்காத, தாங்கமாட்டா'ன்னாரு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கடைசி நாட்களில் பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, "உங்க பொண்ணு நீச்சலை விடாம இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பா," என்று பெருமூச்சு விட்டாள். "அவளுக்குச் சின்ன வயசிலேருந்தே பிடிவாதம்," என்று அம்மா எடுத்துக் கொடுத்தாள். படுத்திருந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வலி என்று நினைத்தாள்! தலையணையைச் சரி செய்துவிட்டாள்!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னை ஒரு வார்த்தை திட்டிடுடி... உனக்குப் புண்ணியமாப் போகும்..."

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "திட்டறதுக்கெல்லாம் தெம்பில்லம்மா. நீயா எப்ப சொல்வேன்னு காத்திருந்தேன். ஒவ்வொரு லீவுக்கும் அதுக்குத்தான் வந்தேன்."

அதன் பிறகு அழுதாள். அம்மாவின் தோளில் முகத்தை வைத்து, பதினாலு வயதில் அழ வேண்டிய அழுகையை முப்பத்தொன்பது வயதில் அழுதாள். அம்மாவின் கை அவள் முதுகுவரை போய், தொடத் தகுதி உண்டா என்று தயங்கி, பிறகு தொட்டது. மகன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான்.

தாழ்ப்பாள் விலகியது. நீச்சல் உடையோடு பேத்தி நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"அத்தை, நான் போட்டிக்குப் போறேன். ஆனா பாட்டி வாட்ச் பிடிக்க வேணாம்."

யாரும் அவளை அதட்டவில்லை. அம்மாவுக்கு முகம் எரிந்தது. இருபத்தைந்து வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் தீர்ப்பு. சரியான தீர்ப்பு.

"பிடிக்கமாட்டேன்," என்றாள். "ஓரமா உக்காந்து பாக்கறேன்... வரலாமா?"

பேத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அத்தை பக்கத்துல உக்காந்தா வரலாம்."