ஏழாம் எண்ணின் எட்டுக் குழிகள்

ஆய்வகத் தட்டில் இருந்த தொண்ணூற்றாறு சிறு குழிகளும் ஒரே வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தன. அப்படித் துடிக்கவே கூடாது. பன்னிரண்டு பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து ஆளுக்கு ஓர் எண்ணும் எட்டுக் குழிகளுமாக வளர்த்த இதயச் செல்கள் அவை. ஒவ்வொருவருடையதும் தன் போக்கில்தான் துடிக்கும். அதைவிட, ஏழாம் எண்ணின் எட்டுக் குழிகளும் புது மருந்து பட்டு நேற்றே நின்றுபோனவை. இன்று அவைதான் முந்திக்கொண்டு துடித்தன. மற்றவை பின்னால் ஓடின.

ஹத்தோரி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். பாதி திறந்திருந்த ஜன்னலில் கோபே நகரத்து மழை வழிந்துகொண்டிருந்தது. கீழிருந்து ஊதுபத்தி வாசனை ஏறிவந்தது. சோதனையில் செத்த எலிகளுக்காக ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் ஊழியர்கள் நினைவுக்கல் முன்னால் வணங்கும் நாள் அது. செல்களுக்கும் ஒரு பத்தி ஏற்றலாமே என்று அவள் கேட்டதற்கு, பிரிவுத் தலைவர் நிஷிவாகி எல்லார் முன்னாலும் சிரித்திருந்தார்.

இப்போதும் குடையோடு வாசலில் நின்றுகொண்டு அதே சிரிப்பு.

"ஏழாம் நம்பர் நோஞ்சான் ரத்தம், ஹத்தோரி. அதைத் தூக்கிட்டு ரிப்போர்ட்டை அனுப்பு."

"மூணு தடவையும் நின்னுபோச்சுங்க. திங்கட்கிழமை இந்த மருந்தை மனுஷங்களுக்குக் கொடுக்கப் போறோம்!"

"காலையில நானே அதுல ஒரு மாத்திரை முழுங்கினேன். செத்தா போயிட்டேன்?"

குடையைச் சுழற்றிக்கொண்டு இறங்கிப் போனார். எலியைக் கொல்லாமல் உண்மையைச் சொல்லத்தானே இந்தச் செல்களை வளர்த்தோம்? அவை வாய் திறந்து சொல்லியும், பூசி மெழுகி அனுப்பச் சொல்கிறானே இந்த மனுஷன்!

யாருடைய ரத்தம் என்று யாரும் பார்க்கக் கூடாது. பன்னிரண்டு பேரும் இங்கேயே வேலை செய்பவர்கள் என்பது மட்டும்தான் தெரியும். பெயர்கள் முத்திரையிட்ட உறையில் அலமாரிக்குள் இருந்தன. கோபத்தில் அவள் உறையைக் கிழித்தாள்.

ஏழு: நிஷிவாகி.

அப்போதுதான் சத்தம் கேட்டது. செல்களின் துடிப்பு காதுக்குக் கேட்காது. ஆனால் கேட்டது. தட்டிலிருந்து, மேஜை வழியாக, அவள் முழங்கைக்குள் ஏறியது. டப். டப். வேகமாக. இன்னும் வேகமாக. தாறுமாறாக.

நின்றது.

தொண்ணூற்றாறும்.

அவள் ஓடினாள். படிகள். மழை. நினைவுக்கல் முன்னால் அவர் மட்டும் தலைகுனிந்து நின்றார். குடை தரையில் கிடந்தது.

"நிஷிவாகி சான்! ஆஸ்பத்திரிக்குப் போகணும், வாங்க! ஏழாம் நம்பர் நீங்கதான்!"

மணிக்கட்டைப் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது. நாடி இல்லை. கழுத்தில் தொட்டாள். அங்கும் இல்லை.

தலை மெல்ல நிமிர்ந்தது. கண் இமைக்கவில்லை.

"ரிப்போர்ட்டை அனுப்பிட்டியா?"

மேலே, திறந்திருந்த ஆய்வக ஜன்னலில், அந்தத் துடிப்பு மறுபடி தொடங்கியது. டப். டப்.

அவர் கையில் ஊதுபத்தி அடிவரை எரிந்திருந்தது. நெருப்பு விரலுக்குள் இறங்கிப் புகைந்தது. மழையிலும் கருகும் வாடை வந்தது. அவர் கையை உதறவில்லை.

"அனுப்பு," என்றார்.